கடை வாசலில் நீளும் ரசீது புத்தகம்

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஜவுளிக் கடையை விட்டு வெளியே வருவதே பெரும்பாடு. இரண்டு கையிலும் கட்டைப் பை, பக்கத்தில் சிணுங்கும் பிள்ளை, அவசரப்படுத்தும் ஆட்டோக்காரர். அந்த நேரம் பார்த்து, "ஆச்சி, ஒரே நிமிஷம் நில்லுங்க" என்று ஒரு தம்பி குறுக்கே வந்து நிற்பார். கழுத்தில் ஐடி கார்டு, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பம். முதல் பக்கத்திலேயே மூக்கில் குழாய் செருகிய குழந்தையின் படம். முடியாது என்று சொல்ல மனசு வராது, நின்று கேட்கவும் முடியாது. கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் இதைச் சொல்லிப் புலம்புவது நியாயம்தான். அந்த எரிச்சலில் தர்மம் கேட்பவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோமே என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

செட்டிநாட்டுக்குக் கொடுக்கத் தெரியாதது இல்லை. வியாபாரக் கணக்கில் மகமைக்கென்று, அதாவது தர்மத்துக்கு ஒதுக்கும் பங்குக்கென்று, தனியாகப் பற்று எழுதி வைத்த ஊர் இது. கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணி, கோயில் காரியத்துக்குப் புள்ளி வரி வசூலித்த நகரத்தார் ஊர். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததைக் காரைக்குடியில் தெரியாதவர் கிடையாது. யார் கேட்டார், எவ்வளவு கொடுத்தது, எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதெல்லாம் எழுத்தில் இருந்த கொடைகள் இவை. வாசலில் வழிமறித்து வாங்கும் வசூலில் இந்த மூன்றுமே பெரும்பாலும் தெரிவதில்லை.

வந்து நிற்கும் தம்பி, தங்கச்சிகளில் பலர் அந்த டிரஸ்டில் வேலை செய்பவர்கள் அல்ல. வசூலுக்கென்றே ஆள் அனுப்பும் ஏஜென்சியில் தினப்படிக்கோ கமிஷனுக்கோ சேர்ந்தவர்கள். இன்றைக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று கணக்கு இருக்கும். விடாமல் பின்னாலேயே வருவதற்குக் காரணம் அதுதான். அவர்கள் மேல் எரிந்து விழுவதில் பயனில்லை. "இங்கே கொடுக்கமாட்டேன் தம்பி. டிரஸ்ட் பேரும் பான் நம்பரும் எழுதிக் குடுங்க, வீட்டுக்குப் போய்ப் பார்த்து அனுப்புறேன்." நடந்துகொண்டே இதைச் சொன்னால் போதும். நேர்மையான இடத்திலிருந்து வந்தவர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிடுவார். "இன்னைக்கு மட்டும்தான் சார்", "இப்பவே போட்டாத்தான் ஆபரேஷன்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெயரையும் போன் நம்பரையும் முதலில் கேட்டால் கொடுக்கவே வேண்டாம். அன்று தப்பித்தாலும் மாதக்கணக்கில் போன் வரும்.

எழுதி வாங்கிய பான் எண்ணில் முதலில் பார்க்க வேண்டியது நான்காவது எழுத்து. அது 'டி' (T) என்றால் டிரஸ்ட். சங்கமாகப் பதிந்தவர்களுக்குப் பெரும்பாலும் 'ஏ' (A) இருக்கும், லாப நோக்கில்லாத கம்பெனிக்கு 'சி' (C) இருக்கும். 'பி' (P) என்று இருந்தால் அது தனி ஆளின் எண். டிரஸ்ட் என்று சொல்லித் தனி ஆளின் எண்ணைக் கொடுத்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கியூஆர் அட்டையிலும் இதே சோதனைதான். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரும் ரசீதில் அச்சிட்ட பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐடி கார்டில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர், ஸ்கேன் செய்தால் மூன்றாவது பெயர் வந்தால் போனை மூடிப் பையில் வைத்துவிடுங்கள்.

"அரசு பதிவு பெற்றது" என்ற வரியைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம் பதிந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். அரசு அவர்கள் கணக்கைப் பார்த்து நல்லவர் என்று சொன்னதாக அதற்குப் பொருள் இல்லை. வரிவிலக்குக்கான 80ஜி அனுமதி வேறு, அதை வருமான வரித் துறையிடம் தனியாக வாங்க வேண்டும். அந்த அனுமதி எண்ணின் முன்பாதியே டிரஸ்டின் பான் எண்தான், ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கழிவு கிடைக்காது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. "டாக்ஸ் பெனிபிட் உண்டு சார்" என்று எல்லோரிடமும் சொல்வது நிறையப் பேருக்குப் பொருந்தாத பேச்சு.

உண்டியல் குலுக்குபவர்களிடமும் ரசீது கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். அற நிறுவனத்துக்குப் பெயரில்லாமல் வரும் நன்கொடை 1 லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் 30 சதவீத வரி. முழுக்க சமயப் பணிக்கான அமைப்புகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. ஆகவே கணக்கு வைத்திருக்கும் டிரஸ்டுக்கு உங்கள் பெயரை எழுதிக்கொள்வதில் அக்கறை இருக்கும். ரசீது கேட்டதும் முகம் மாறினால் காரணத்தை நீங்களே ஊகிக்கலாம்.

ரொக்கம் போனால் 50, 100 ரூபாயோடு போயிற்று. மாதாமாதம் பிடிக்கும் ஏற்பாட்டில்தான் உண்மையான சிக்கல். டேப்லெட்டை நீட்டி, "மாசம் 500 மட்டும்தான் அக்கா, பின் நம்பர் போடுங்க" என்பார்கள். அந்த ஆட்டோபே திரையில் நான்கு விவரங்கள் இருக்கும்: தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, தொடக்கத் தேதி, முடியும் தேதி. தொகைக்குப் பக்கத்தில் 'அதிகபட்சம்' என்று இருந்தால், சொன்ன 500-க்கு மேலும் பிடிக்க அது இடம் கொடுக்கிறது. முடியும் தேதி பல வருஷம் தள்ளி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாதாந்தரப் பிடித்தம் 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் பின் கேட்காது. 24 மணி நேரம் முன்னால் ஒரு தகவல் வரும், அவ்வளவுதான். அந்த எஸ்எம்எஸ் விளம்பரக் குவியலில் புதைந்துவிடும். ரத்து செய்ய, பணம் அனுப்பும் அதே ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்தப் பெயரைத் தொட்டு நீக்கலாம். காசோலை இணைத்துத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் வங்கிக் கிளைக்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கைக் காலியாக வைத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், திரும்பிப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் வங்கி அபராதம் பிடிக்கும். ஏமாற்றிப் பிடித்தார்கள் என்று தெரிந்தால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

நோயாளிக் குழந்தை என்றால் மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரி, நோயாளி எண் என்ன, செலவு மதிப்பீட்டுத் தாள் இருக்கிறதா? இருந்தால் ஆஸ்பத்திரி வரவேற்பில் போன் போட்டுக் கேட்டு, அந்த நோயாளியின் பில்லுக்கு நேராகவே கட்டலாம். குழந்தையின் வீட்டாரே வந்திருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தாயிற்றா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு எங்கே போக வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது, அந்த நேரத்தில் 100 ரூபாயைவிடப் பெரிய உதவி.

நம்மூர் அன்னதானக் குழு, பழனிப் பாதயாத்திரைக் குழு, கும்பாபிஷேகக் கமிட்டி இவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரிந்த முகம்தானே என்ற தைரியத்தில் நீங்களும் கடை வாசலில் மறிக்கிறீர்கள். அதை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, படிக்கட்டை விட்டுத் தள்ளி ஒரு மேசை போடுங்கள். விருப்பப்பட்டவர் தானே வருவார். ரசீது புத்தகத்தில் வரிசை எண்ணும் அடிக்கட்டையும் அவசியம். எந்தப் புத்தகம் யார் கையில் போனது என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். கணக்கு கெடுவது பெரும்பாலும் திரும்பி வராத அந்த ஒரு புத்தகத்தால்தான். திருடியே இருக்க வேண்டும் என்றில்லை. பாதி எழுதிய புத்தகத்தை யாரோ வண்டிப் பெட்டியில் மறந்து வைத்துவிடுவார்கள், விழா முடிந்த பிறகு அந்தத் தொகைக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. உண்டியல் வைத்தால் மூடியின் மேல் தாள் ஒட்டி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள், சாவியும் உண்டியலும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம். திறக்கும்போது கடைக்காரரையும் கூட வைத்து எண்ணுங்கள். எண்ணிய தொகையை அன்றைக்கே மேசைப் பலகையில் எழுதிப் போட்டால், அடுத்த வருஷம் அதே இடத்தைக் கேட்கும்போது கடைக்காரர் மறுக்கமாட்டார்.