இருட்டுக்குக் கண்ணைப் பழக்கி வானம் பார்த்த அனுபவம்

நகர வெளிச்சத்தை விட்டுத் தள்ளிப் போய் வானம் பார்க்க ஆரம்பித்து கொஞ்ச காலம் ஆகிறது. இதுவரை என்னென்ன பிடிபட்டது, எது இன்னும் சிக்கவில்லை என்று எழுதி வைக்கிறேன். தொலைநோக்கி கிடையாது. வெறும் கண், ஒரு 10x50 பைனாகுலர், ஒரு சாய்வு நாற்காலி, அவ்வளவுதான்.

முதலில் நாள் பார்ப்பது. அமாவாசை அன்றுதான் போக வேண்டும் என்றில்லை. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. தேய்பிறை அஷ்டமி வாக்கில் அது எழுந்து வரவே நள்ளிரவாகி விடும் என்பதால், அதிலிருந்து அமாவாசை வரை முன்னிரவு முழுக்க நமக்குத்தான். சூரியன் மறைந்த உடனே முழு இருட்டு வந்துவிடாது. அது தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகும், விலக விலக இன்னும் அதிகம்.

இடம் தேடும்போது தூரத்தை விட திசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எவ்வளவு தள்ளிப் போனாலும் நகரத்தின் வெளிச்சம் ஒரு பக்கத் தொடுவானத்தில் மஞ்சளாகத் தேங்கி நிற்கும். பால்வீதியின் மையம் இருக்கும் தனுசு மண்டலம் வடகோளத்தில் இருப்பவர்களுக்குத் தெற்கு வானில் வரும். அதனால் நகரம் நமக்கு வடக்கே இருக்கும்படி இடம் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி கண்ணைப் பொறுத்தது. கண்ணின் பாவை சில நிமிடங்களிலேயே விரிந்துவிடும். ஆனால் மங்கலான ஒளியை உணரும் கோல் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி மறுபடி சேர 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நடுவில் ஒரே ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அந்த நிறமியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. டார்ச்சின் மேல் சிவப்பு செலோஃபேன் தாளை நாலைந்து மடிப்பாகச் சுற்றி வைத்திருக்கிறேன். வரைபடம் பார்க்க அந்த மங்கல் வெளிச்சமே தாராளம்.

கண் எவ்வளவு பழகியிருக்கிறது, வானம் எவ்வளவு தெளிவு என்று சோதிக்க எனக்குக் கார்த்திகைக் கூட்டம்தான் அளவுகோல். இருட்டில் உட்கார்ந்த புதிதில் ஒரு கொத்தாகத் தெரிவது, கண் பழகியதும் ஆறு நட்சத்திரங்களாகப் பிரியும். நல்ல இரவென்றால் அதிலுள்ள அட்லஸ் என்ற நட்சத்திரத்தை ஒட்டி, அதை விட மங்கலான ப்ளையோனியும் தனியாகத் தெரியும். அது தெரிந்துவிட்டால், அன்றைக்கு மங்கலான பொருள்களைத் தேடலாம் என்று முடிவு செய்துவிடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நட்சத்திர மண்டலங்களின் வடிவத்தை நகரத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது. அங்கே பிரகாசமான நட்சத்திரங்கள் மட்டும் தெரிவதால் கோடு இழுக்க எளிது. நல்ல இருட்டில் நட்சத்திரங்கள் மொய்த்துக் கிடக்கும். பழகிய காசியோப்பியா மண்டலத்தைக் கூட அந்தக் கூட்டத்துக்குள் தேட வேண்டியிருக்கும்.

நான் அதிகம் மெனக்கெட்டது ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்காக, அதாவது நம் பால்வீதியைப் போன்ற இன்னொரு பெரும் நட்சத்திரத் தொகுதிக்காக. சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவு. நான்கு நட்சத்திரங்கள் அமைக்கும் பெகாசஸ் சதுரத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் அல்பெராட்ஸ் என்ற நட்சத்திரத்திலிருந்து தொடங்கினேன். அங்கிருந்து நீளும் வரிசையில் அடுத்த பிரகாசமான நட்சத்திரம் மிராக். மிராக்கில் நின்று காசியோப்பியா பக்கம் திரும்பினால் அடுத்தடுத்து இரண்டு மங்கல் நட்சத்திரங்கள், மியூவும் நியூவும். நியூவுக்குப் பக்கத்தில்தான் அது. நேராக முறைத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கி, நியூவுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்ப்பது போல வைத்தேன். உடனே கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்தது போல ஒரு சாம்பல் நிறத் தீற்றல் எழுந்து வந்தது. நேராகப் பார்த்தேன், காணோம். ஒதுக்கினேன், இருந்தது. கண்ணின் நடுப்புள்ளியில் கோல் செல்களே இல்லை. அவை சுற்றிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன, அதனால்தான் இந்த மாயம். அந்தச் செல்கள் நிறம் பிரிப்பதில்லை, ஆகவே படங்களில் வரும் நீலமும் ஊதாவும் வெறும் கண்ணுக்குக் கிடைக்காது. எனக்கு அந்தச் சாம்பல் தீற்றலே போதும். நம் கண்ணில் விழும் அந்த ஒளி புறப்பட்ட காலத்தில் இன்றைய மனித இனமே தோன்றியிருக்கவில்லை.

அப்புறம் பைனாகுலரில் பார்த்தபோது தீற்றல் நீண்டு, நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று இருந்தது. கடக மண்டலத்தின் தேன்கூட்டு நட்சத்திரக் கொத்து, ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் இரண்டும் பைனாகுலருக்கு மிக எளிது, யாரும் முதல் இரவிலேயே பார்த்துவிடலாம். கை நடுங்காமல் இருக்க முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொண்டால் சரி.

பால்வீதியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அன்னப்பறவை மண்டலமான சிக்னஸிலிருந்து தனுசு வரை அதன் நடுவே ஒரு கறுப்புப் பிளவு ஓடுகிறது. அது வெற்றிடம் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் பின்னால் இருக்கும் நட்சத்திர ஒளியை மறைத்து நிற்கும் தூசி மேகங்கள் அவை. அந்தப் பிளவின் ஓரம் எங்கே கூர்மையாக இருக்கிறது, எங்கே கரைகிறது என்று பென்சிலால் வரைந்து பார்க்கிறேன். வரையத் தொடங்கிய பிறகு கண் இரண்டு மடங்கு பார்க்கிறது.

இப்போதைக்கு மீதமிருப்பது எம்33, முக்கோண மண்டலத்தில் இருக்கும் இன்னொரு கேலக்ஸி. ஒளித்தரம் (எண் கூடக் கூட மங்கல்) 5.7, அதுவும் பரந்து கிடப்பதால் மிக மங்கல். மிராக்கிலிருந்து ஆண்ட்ரோமெடா எந்தப் பக்கமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம், ஏறக்குறைய அதே தூரத்தில் இருக்கிறது. பைனாகுலரில் கிடைத்துவிட்டது. வெறும் கண்ணுக்கு இன்னும் இல்லை. அது உச்சிக்கு வரும் மாதங்களில், இப்போது போகும் இடத்தை விட இன்னும் இருட்டான ஓர் இடத்திலிருந்து முயன்று பார்க்கப் போகிறேன்.