மார்கழிக் கச்சேரிப் பயணம்: எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது

மார்கழி சீசனுக்கு வெளியூரிலிருந்து சென்னை வருகிறவர்கள் பெரும்பாலும் பாடகர் பெயரைப் பார்த்து அட்டவணை போடுகிறார்கள். நாலு மணிக்குத் தி.நகரில் ஒருவர், ஆறரைக்கு மயிலாப்பூரில் இன்னொருவர் என்று. காகிதத்தில் நன்றாக இருக்கும், சாலையில் நடக்காது. அட்டவணையை இடத்தை வைத்துப் போட வேண்டும். இன்றைக்கு மயிலாப்பூர் என்றால் மயிலாப்பூர்தான். அங்கே அன்று யார் பாடுகிறார்களோ அவர்களைக் கேட்பது. முன்னணிப் பாடகர்கள் ஒரே சீசனில் பல சபாக்களில் பாடுவார்கள். ஒரு மாலை தவறியவர் இன்னொரு மாலை கிடைப்பார். பனகல் பார்க் நெரிசலில் ஆட்டோவுக்குள் போன முக்கால் மணி நேரம் கிடைக்காது.

சபாக்களை நான்கு கொத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் கொத்து டி.டி.கே. சாலை. ஒரு முனையில் மியூசிக் அகாடமி, அதே சாலையில் தெற்கே போனால் நாரத கான சபா. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டாவது மயிலாப்பூர்: முசிரி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, லஸ் பக்கம் ராகசுதா ஹால். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் இவற்றுக்கு வண்டியே வேண்டாம். (அங்கே இருக்கும் கச்சேரி சாலைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. அது சர்க்கார் அலுவலகம் என்ற பொருளில் வரும் கச்சேரி.) மூன்றாவது தி.நகர்: மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா, ஜி.என். செட்டி சாலையில் வாணி மஹால். நான்காவது பலரும் விட்டுவிடுகிற பாரிமுனை. அங்கே ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும். தமிழ்ப் பாடல்களுக்கென்றே 1943இல் தொடங்கிய சங்கம். தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் விழாவை ஒட்டியே நடக்கும். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கூட்டம் குறைவு, மண்டபம் பெரிது.

லஸ், ராயப்பேட்டைப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகச் சாலைகளை அடிக்கடி திருப்பி விட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் போன வருடம் தெரிந்த வழியை நம்ப வேண்டாம்.

இனி நாள் கணக்கு. அகாடமியின் விழா டிசம்பர் 15 தொடங்கி ஜனவரி 1 விருதளிக்கும் சதஸோடு முடியும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் அகாடமி. சீசன் டிசம்பரில் வந்து உட்கார்ந்ததும் அப்படித்தான். மற்ற சபாக்கள் டிசம்பர் முதல் வாரத்திலோ அதற்கும் முன்னாலோ தொடங்கிவிடும். சில பொங்கல் வரை இழுக்கும். வெளியூர்க்காரருக்கு நல்ல பகுதி டிசம்பர் 17 முதல் 28 வரை. முதல் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை பாக்கி வைத்திருக்கும். 2015இல் டிசம்பர் 1ஆம் தேதி வெள்ளம், 2023இல் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல். ஒரு சபாவின் தொடக்க நாளையும் விருது கொடுக்கும் நாளையும் தவிர்த்துவிடுங்கள். பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, மீண்டும் ஒரு பொன்னாடை. கச்சேரிக்கு மிச்சம் இருப்பது ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஒரு நாளின் வரிசை எல்லாச் சபாவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அகாடமியில் காலை 8 மணிக்கு லெக்டெம் (லெக்சர்-டெமான்ஸ்ட்ரேஷன்), அனுமதி இலவசம். ஒரு ராகம், ஒரு வாக்கேயக்காரர் (பாடலையும் மெட்டையும் இயற்றியவர்) அல்லது ஒரு தாள நுட்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விளக்கிப் பாடிக் காட்டுவார்கள். பகல் 12, 2 மணிக் கச்சேரிகள் இளையவர்களுடையவை. பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. 4 மணிக்கு சப்-சீனியர், ஆறரை ஏழுக்கு சீனியர்.

பொழுதை எங்கே போடுவது என்று கேட்டால், பகல் கச்சேரியில் என்பேன். ஒன்றரை மணி நேரமே கையில் இருப்பதால் இளைய பாடகர்கள் வளவளக்க மாட்டார்கள். பாடம் செய்த கீர்த்தனை அடிபிறழாமல் வரும். பக்கவாத்தியமும் அவர்கள் வயதுதான், பயமும் பசியும் சேர்ந்து வாசிப்பார்கள். அரங்கில் நாற்பது பேர் இருக்கலாம். எந்த இருக்கையில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது மாலையில் கிடைக்காத சௌகரியம். பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. நாளுக்கு இரண்டே கச்சேரி. மூன்றாவதில் ஆலாபனை (சொல் இல்லாமல் ராகத்தை விரிப்பது) காதுக்கு வெளியிலேயே நின்றுவிடும். முகாரி ராகமும் பைரவி ராகமும் ஒன்றாகக் கேட்கும்.

மாலை டிக்கெட் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. முன்வரிசைகள் உறுப்பினர்களுக்கும் புரவலர்களுக்கும் போய்விடும். மற்றவர்களுக்கு மிஞ்சுவது பின்பகுதியும் மாடியும். அதற்காக வருந்த வேண்டியதே இல்லை. முன்வரிசை கௌரவமான இடம்தான், ஆனால் கேட்பதற்கு மோசமான இடம். அங்கே மேடையிலிருந்து மிருதங்கம் நேராக வந்து விழும். குரலோ பக்கத்து ஒலிபெருக்கிகளிலிருந்து தலைக்கு மேலே போகும். இரண்டும் கலந்து ஒன்றாவது அரங்கின் நடுவில்தான். அகலத்தில் நடுக்கோட்டை ஒட்டி, நீளத்தில் பாதியைத் தாண்டாமல், ஒலிக் கட்டுப்பாட்டு மேசை தெரிந்தால் அதற்கு இரண்டு மூன்று வரிசை முன்னால். மேசையில் இருப்பவர் அங்கே கேட்பதை வைத்துத்தான் அளவு வைக்கிறார். மாடியின் முதல் வரிசைகளும் நல்லவை. தவிர்க்க வேண்டியது மாடிக்கு அடியில் அகப்பட்டுக்கொள்ளும் கடைசி வரிசைகள். அங்கே தம்புராவே கேட்காது.

இடதா வலதா என்பதும் கொஞ்சம் யோசிக்க வேண்டியதே. மிருதங்கத்தில் கறுப்புச் சாந்து உள்ள முகமான வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் வலக்கைக்காரர் பாடகருக்கு வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் உட்காருவார். வயலின் எதிர்ப்பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்பதால், மிருதங்கக்காரரின் முகத்தையும் விரலையும் பார்க்க நமக்கு வலப்பக்க இருக்கை வசதி. வயலின்காரரைப் பார்க்க இடப்பக்கம். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்தால் வயலின் இடம் மாற வேண்டும், அதற்குச் சில வித்வான்கள் ஒப்பவில்லை. அவரை விடாமல் தம்மோடு வாசிக்க வைத்தவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். இன்றும் மேடையில் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் முதலில் மிருதங்கத்தின் கையைப் பாருங்கள்.

ஏ.சி.க்கு ஒரு சால்வை கட்டாயம். ஏ.சி. நம்மை மட்டும் பாதிப்பதில்லை. மிருதங்கத்தின் தோல் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அசைந்து கொடுக்கும். வெளியே சேர்த்த சுருதி மேடை விளக்குக்கும் குளிருக்கும் இடையில் நகர்ந்துவிடும். முதல் உருப்படி (பாட்டு) முடிந்ததும் மிருதங்கக்காரர் சின்னக் கல்லாலும் மரத்துண்டாலும் விளிம்பைத் தட்டுவது அதற்காகத்தான். மறுமுகமான தொப்பியில் ஒட்டிய ரவைப் பசையும் காயக் காய நாதம் மாறும்; தண்ணீர் தொட்டுச் சரிசெய்வார். இந்த ஐந்து நிமிடத்தில் பொறுமை இழக்க வேண்டாம். பொறுமை இழக்க வேண்டியது மைக்குக்காரரிடம். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒருவர் கையைத் தூக்கி ‘மானிட்டரை (தன் பக்கத்து ஒலிபெருக்கியை) ஏற்று’ என்று சைகை காட்ட, அடுத்தவரும் காட்ட, கடைசியில் எல்லாம் ஏறி ஊளையிடும். சீசனில் கச்சேரி கெடுகிற காரணங்களில் தொண்டைக் கட்டுக்கு அடுத்தது இதுதான்.

முன்பு நாலு மணி நேரம் போன மாலைக் கச்சேரி இப்போது இரண்டரை மணி நேரம். அதற்குள் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய வரிசைதான் இன்னும் ஓடுகிறது. வர்ணம், சின்ன கீர்த்தனைகள் இரண்டு மூன்று, நடுத்தர ஆலாபனையோடு ஒன்று. பிறகு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆனதும் பிரதான உருப்படி. அதில் ஆலாபனை, வயலினின் பதில், கீர்த்தனை, நிரவல் (ஒரு வரியைப் பல விதமாக விரிப்பது), கல்பனாஸ்வரம் (ஸ்வரங்களை உடனுக்குடன் கோத்துப் பாடுவது), தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது). அப்புறம் துக்கடாக்கள் என்னும் சின்னப் பாடல்கள், மங்களம். சில நாள், ராகத்தையும் ஒரே ஒரு வரியையும் விரிவாக எடுக்கும் ராகம் தானம் பல்லவி நடுவில் புகும்.

எழுந்திருப்பது எப்போது? தனியின்போது அல்ல. ஆனால் சபாக்களில் பாதிக் கூட்டம் அப்போதுதான் எழுந்து நடக்கும். காரணம் எளிது: பாட்டு நின்றதும் இடைவேளை வந்துவிட்டதாக உடம்பு நினைக்கிறது, கேன்டீனும் மூடப் போகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் கணக்குப் பின்னி, குறைப்பில் மிருதங்கமும் கூட வாசிக்கும் கடமோ கஞ்சிராவோ மாறி மாறிச் சுருக்கி, முடிவுக் கணக்கான கோர்வையில் வந்து விழும் இடத்தைத் தவறவிட்டால் அந்தப் பிரதான உருப்படி முடியவே இல்லை என்று அர்த்தம். தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே கேளுங்கள், பதினைந்து நிமிடமும் ஓடிவிடும். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை, மிஸ்ர சாபுவுக்கு 7, கண்ட சாபுவுக்கு 5. பாடகரின் கையைப் பார்த்தால் தப்பாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் இரண்டு துக்கடாக்களுக்கு இடையே, கைதட்டலோடு எழுந்து போகலாம்.

கேன்டீன் தனி அத்தியாயம். சுருக்கமாக: டிக்கெட் இல்லாதவர்களும் சாப்பிடலாம். பகல் இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டுக்குள், மாலை டிபனுக்கு ஐந்தரைக்குள் போய்விட வேண்டும். 4 மணிக் கச்சேரி முடியும் வேளையில் வரிசை வாசல் வரை நிற்கும். ரவா தோசை சொன்னால் முதல் உருப்படி போச்சு. இட்லி, வடை, காபி என்று தயாராக இருப்பதைக் கேளுங்கள். வயிறு நிறைய அக்கார அடிசில் சாப்பிட்டுவிட்டு விளம்ப கால ஆலாபனைக்குப் போகிறவருக்கு என்ன நடக்கும் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார்.

ஆண்டுக்கணக்கில் கேட்கிறவர்களிடம் கச்சேரி நினைவில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் அது குறிப்பேட்டின் வேலை. ஒலிப்பதிவு அனுமதி இல்லை, செல்போன் வெளிச்சம் பின்வரிசைக்கு உபத்திரவம். சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டும் பென்சிலும் போதும். மேலே தேதி, சபா, பக்கவாத்தியப் பெயர்கள். கீழே ஒவ்வொரு வரியிலும் பல்லவியின் முதல் சொல், ராகம், தாளம், தொடங்கிய நேரம். ராகம் தெரியாவிட்டால் ஊகத்தை எழுதிக் கேள்விக்குறி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சரிபார்க்கலாம். நிரவல் எடுத்த வரியை மட்டும் தவறாமல் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கச்சேரியைத் திருப்பித் தருவது அந்த வரிதான். ஊகத்தில் எல்லோரும் சறுக்கும் ஜோடிகள் உண்டு: தர்பார்–நாயகி, ஆரபி–தேவகாந்தாரி, ஆபோகி–ஸ்ரீரஞ்சனி. கடைசி ஜோடிக்கு வழி சுலபம், ஆபோகியில் நிஷாதமே (‘நி’ ஸ்வரம்) இல்லை. மற்ற இரண்டுக்கும் ஸ்வரக் கணக்கு உதவாது, ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் பிடியும் நடையும் பழக வேண்டும். 2020இல் கொரோனாவால் அகாடமியின் சீசன் இணையத்தில் நடந்தபோது, நேரில் வர முடியாத ஊர்க்காரர்களும் இப்படி எழுதிப் பழகினார்கள். திரையில் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம் என்பது பழக்கத்துக்கு நல்லது.

சென்னையை முடித்துவிட்டுத் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையையும் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு விடுப்பு போடுங்கள். தியாகராஜர் 1847 ஜனவரி 6இல் சித்தியடைந்தார். ஆனால் ஆராதனை திதியை வைத்து, புஷ்ய பகுள பஞ்சமியில் (புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி) வரும். 2024இல் அது ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. ஒரே பயணத்தில் இரண்டும் அமைவது எல்லா ஆண்டும் நடக்காது. எழும்பூரிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸ், காலையில் தஞ்சாவூர், அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்கு மேல். தங்குவது தஞ்சாவூரில்தான் வசதி.

பஞ்சமியன்று காலை உஞ்சவிருத்தி ஊர்வலம் (பாடிக்கொண்டே பிட்சை ஏற்று வருவது) தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதியிலிருந்து காவிரிக்கரைச் சமாதிக்கு வரும். 9 மணி வாக்கில் அவருடைய ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினம் தொடங்கும்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில், ஐந்தும் ஆதி தாளம், மொத்தம் ஒரு மணி நேரம். ஏழு, ஏழரைக்குள் உட்கார்ந்தால் பந்தலுக்குள் இடம் உண்டு. தரையில்தான், முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் ஓரமாக உட்கார்ந்து எழ வழி வைத்துக்கொள்ளட்டும். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் எழுப்பிய சமாதி மண்டபம் அது. பெண்கள் அங்கே பாட முடியாதிருந்த நிலையை மாற்றியவரும் அவரே. அவருடைய சமாதியும் எதிரிலேயே இருக்கிறது, கூட்டத்தில் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

பஞ்சரத்தினத்தைக் கூடச் சேர்ந்து பாடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தாளத்தில் பின்தங்குவதற்குப் பயிற்சிக் குறைவு மட்டும் காரணம் அல்ல. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மேடை கால் நொடிக்கும் மேல் தாமதமாகவே கேட்கும். பக்கத்து ஒலிபெருக்கியோ முன்கூட்டியே சொல்லிவிடும். இரண்டையும் கேட்டுப் பாடினால் குழப்பம். பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மேடைக்காரர்களின் கையைப் பார்க்க வேண்டாம். சாஹித்தியப் புத்தகம் (பாடல் வரிகள்) தமிழ் எழுத்திலேயே கிடைக்கும். வராளியின் சரணங்களை மட்டுமாவது முதல் நாள் இரவு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அதன் பிறகு நாள் முழுக்க மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவார்கள். சிறிது நேரமே ஒருவருக்கு, சன்மானம் இல்லை, டிக்கெட்டும் இல்லை. புகழ்பெற்றவருக்கு அடுத்து ஊர் பேர் தெரியாத ஒருவர் வந்து கேதாரகௌளை ராகத்தில் இரண்டு நிமிடம் பாடி உட்கார வைத்துவிடுவதும் உண்டு, பென்சிலைத் தயாராக வைத்திருங்கள். திரும்பும்போது கடைத்தெருவில் அசோகா வாங்காமல் யாரும் வருவதில்லை. பாசிப்பருப்பு அல்வா, இலையைத் தாண்டி நெய் கசியும். குறிப்பேடு இருக்கிற பையில் வைக்க வேண்டாம்.