பெரிய டிஸ்க் இருக்கட்டும், முதலில் பிரேக் ஒயிலை மாற்று

கட்டுகுருந்த ரேஸ் ஓட்டத்துக்குக் கார் கொண்டுபோகப் போகிறேன் என்றால் எங்கள் திருகோணமலை உவர்மலைப் பெடியள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, பெரிய பிரேக் டிஸ்க் போடேல்லையோ?" போடவில்லை. போடும் எண்ணமும் இல்லை.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட். முன்னுக்குக் காற்றோட்ட டிஸ்க், பின்னுக்கு டிரம். இருக்கிற பிரேக்கே ஓங்கி அமத்தினால், சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை எழுப்பிவிடும். அப்படியென்றால் ஒருமுறை நிற்க எடுக்கும் தூரம் ரயரின் கையில். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்க இன்னும் கொஞ்சம் இரும்பு, அவ்வளவுதான். கூடவே டிஸ்க்கைக் கவ்வும் கலிபரும் பெரிதாக வந்தால் பெடல் ஆழமாகப் போகும், பெடலடியில் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்கவேண்டி வரும், 14 அங்குல ரிம் உள்ளே இடிக்கும். செலவு ஒன்றோடு நிற்காது.

ஓட்டத்தில் பிரேக்கைக் கொல்வது சூடு. வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி நாலு மடங்கு. கட்டுகுருந்த இரண்டாம் உலக யுத்தகாலத்துப் பழைய விமான ஓடுபாதை. நேரில் இழுத்துக்கொண்டு போய், சுற்றுக்குச் சுற்று அதே இடங்களில் அமத்தவேண்டும். ஆற நேரமில்லை. பெடலின் அமத்தலைச் சில்லுக்குக் கொண்டுபோகும் பிரேக் ஒயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. பெடல் தரைவரை போவது அதனால்தான்.

புது டொட் 3 ரகப் பிரேக் ஒயில் கொதிப்பது குறைந்தது 205 பாகை செல்சியஸில். காற்றிலிருந்து ஈரம் குடித்தபின் அந்தக் கணக்கு 140. டொட் 4 என்றால் 230, 155, டொட் 5.1 என்றால் 260, 180. நான் ஊற்றுவது 5.1. டொட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கன், இதோடு கலக்கவே கூடாது. கடற்கரை ஊரில் இருக்கிற நாங்கள் திறந்த போத்தலை ராக்கையில் வைத்து அடுத்த வருசம் ஊற்றுவது சுத்த விசர் வேலை.

பழைய ஒயிலை இறக்கப் போனால், அது வெளியேறும் திருகான நிப்பிள் அசையாது. உப்புக்காற்று. அனுராதபுரச் சந்திப் பக்கம் என் மெக்கானிக் பாஸ் முதல் நாளே துரு இளக்கும் ஒயில் அடித்து ஊறவிடுவார். "ஓப்பின் ஸ்பனரைத் தொடாதை தம்பி, மூலை தேஞ்சா கலிபரோட போச்சு." ரிங் ஸ்பனர் போட்டு, வெள்ளை ரியூப்பைப் போத்தலுக்குள் விட்டு, "அமத்து... பிடி... விடு" என்பார். முதலில் தேயிலைச் சாயத்தில் வரும். பிறகு குமிழி. அது நின்று தெளிந்த மஞ்சள் வந்தால்தான் அடுத்த சில்லு.

டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பாட் விசயத்தில் முழு ரேஸ் பாட் வேண்டாம். குளிரில் அது பிடிக்காது. கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வந்தால் என்ன செய்வது? வீதிக்கும் ஓட்டத்துக்கும் நடுத்தரமானது போதும். புதுப் பாட்டை நிலாவெளி ரோட்டில் விடிய, பின்னால் ஒருவரும் இல்லாத நேரம், 80இலிருந்து 30க்குப் பலமுறை இறக்கிப் பதப்படுத்துவேன், முழுதாக நிறுத்தாமல். பிறகு பிரேக் தொடாமல் ஓடி ஆறவிடுவேன்.

ஓடி முடிந்து வந்ததும் பெடலில் கால் வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். சூடான பாட் டிஸ்க்கில் தன் அச்சைப் பதித்துவிடும், பிறகு வீடுவரை ஸ்டியரிங் நடுங்கும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓடு. நின்றபின் காரைக் கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வை, ஹாண்ட்பிரேக் வேண்டாம்.

டிஸ்க்குக்கு வைத்திருந்த காசு அப்படியே இருக்கிறது. அது ரயருக்கு.