ஓமா என்று முடிந்தால்

கருப்பை அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் கழித்து அக்கா தொலைபேசியில் அழைத்து, பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருந்த ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: லியோமயோமா. "டேய், ஓமான்னு முடிஞ்சா கேன்சர்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, நெஜமாவாடா?" என்று கேட்டபோது குரல் நடுங்கியது. திசு ஆய்வகத்தில் டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அன்று அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

'ஓமா' என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த விகுதி. கட்டி, வீக்கம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொண்டால் அது ஹீமடோமா. காசநோயில் உண்டாகும் அழற்சி முடிச்சு கிரானுலோமா. இவ்விரண்டும் நாம் பேசுகிற கட்டி வகையிலேயே சேராதவை. உண்மையான கட்டிக்குப் பெயரிடும்போது, அது எந்தத் திசுவிலிருந்து முளைத்ததோ அந்தத் திசுவின் பெயர் முன்னால் நிற்கும். கொழுப்பில் தோன்றினால் லிப்போமா, குருத்தெலும்பில் காண்ட்ரோமா, சுரப்பியில் அடினோமா. இவை பினைன் கட்டிகள், அதாவது தோன்றிய இடத்திலேயே வளர்ந்து, பக்கத்துத் திசுவுக்குள் துளைத்துப் போகாமலும் வேறு உறுப்புக்குப் பரவாமலும் இருப்பவை. புற்றுக்கட்டி என்றால் விகுதி மாறும்: தோல், குடலின் உட்பரப்பு, சுரப்பி ஆகியவற்றின் எபிதீலியச் செல்களில் பிறந்தது கார்சினோமா, எலும்பு, கொழுப்பு, தசை போன்ற தாங்குதிசுக்களில் பிறந்தது சார்க்கோமா. சுரப்பியின் அடினோமாவுக்கு எதிர்ப்பக்கம் அடினோகார்சினோமா, லிப்போமாவுக்கு லிப்போசார்க்கோமா. கார்சினோமாவுக்குள் இருப்பது கிரேக்கர்களின் நண்டு. சார்க்கோமாவுக்குள் இருப்பது சதை. நம்முடைய 'புற்று' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கறையான் புற்றுதான் கண்ணில் நிற்கும். மேலே மேடு, உள்ளே எங்கெங்கோ ஓடும் வளைகள். நண்டைவிட இது பொருத்தம் என்பது என் கட்சி.

அக்காவின் சொல்லைப் பிரித்தால் லியோ என்பது மழமழப்பு, மயோ என்பது தசை. ஆக, மென்தசையில் முளைத்த தீங்கற்ற கட்டி. இதையேதான் எல்லோரும் ஃபைப்ராய்டு என்கிறார்கள். ஃபைப்ராய்டு என்றால் நார் போன்றது என்று பொருள், ஆனால் கட்டி உருவாவது தசைச் செல்லிலிருந்து. பார்வைக்கு நார் போல் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஃபார்மலினில் ஊறிய கருப்பையைக் கத்தியால் பிளக்கும்போது இந்தக் கட்டியைத் தேட வேண்டியதில்லை. வெட்டிய முகத்திலிருந்து வெள்ளையாகப் புடைத்துக்கொண்டு வரும். கயிற்றைச் சுருட்டி வைத்தாற்போல் சுழிசுழியாக இருக்கும். விரலால் அழுத்தினால் ரப்பர் போலக் கெட்டியாக எதிர்க்கும். இதன் கெட்ட உடன்பிறப்பான லியோமயோசார்க்கோமாவோ பெரும்பாலும் மெத்தென்று, ரத்தக்கசிவும் அழுகலுமாக, எல்லை தெளியாமல் கிடக்கும். கண்ணால் பார்த்தது போதாது. துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, ஹிமடாக்சிலின், இயோசின் என்ற சாயங்களை ஏற்றினால் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். டாக்டர் அதில் மூன்றைத் தேடுவார்: செல்களின் உருக்குலைவு, மைட்டோசிஸ் எனப்படும் செல்பிரிவின் எண்ணிக்கை, செத்துப்போன திசு.

விதி இவ்வளவு நேர்த்தியாக இருந்துவிட்டால் எங்கள் வேலை சுலபம். மெலனோமா, லிம்ஃபோமா, செமினோமா, மீசோதீலியோமா ஆகிய நான்கும் சாதுவாக 'ஓமா' என்று முடிந்தாலும் புற்றுகளே. பக்கத்து வீட்டுக்காரர்கள் முழுப் பொய்யும் சொல்லவில்லை. ஹாட்ஜ்கின், வில்ம்ஸ், யூயிங், பர்க்கிட் என்று மருத்துவர்களின் பெயரைச் சுமப்பவற்றிலிருந்து திசுவைப் பற்றி ஒன்றும் ஊகிக்க முடியாது. இந்தக் குழப்பத்துக்காகவே உலக சுகாதார நிறுவனத்தின் குறியீட்டு முறையில் பெயருடன் ஓர் எண்ணும் உண்டு: லியோமயோமா 8890/0, லியோமயோசார்க்கோமா 8890/3. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது திசுவின் இனம், பின்னால் இருப்பது நடத்தை. 0 தீங்கற்றது, 1 உறுதியாகச் சொல்ல இயலாதது, 2 தோன்றிய படலத்தைத் தாண்டாதது, 3 புற்று.

அந்த நடத்தை எண் கல்வெட்டும் அல்ல. தைராய்டில் பாப்பிலரி கார்சினோமாவின் ஒரு வகை, தன் உறைக்குள்ளேயே அடங்கி எங்கும் ஊடுருவாமல் இருக்கும். அது பரவுவது மிக அரிது என்று தெரிந்ததும், பன்னாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி, 2016இல் கார்சினோமா என்ற சொல்லையே நீக்கி நிஃப்ட்பி என்று புதுப்பெயர் சூட்டினார்கள். ஒரு சொல் போனதால் பலருக்கு முழுத் தைராய்டையும் எடுப்பதும் கதிரியக்க அயோடினும் தேவையற்றுப் போயின. மறுபுறம், தீங்கற்றது என்பதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது: மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் பினைன்தான், ஆனால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடம் ஏது?

அக்காவிடம் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். தடித்த எழுத்தில் இருந்த பெயரை மட்டும் படித்திருக்கிறாள். அதற்கு மேலேயே, சிறிய எழுத்தில், செல்களில் உருக்குலைவு இல்லை, மைட்டோசிஸ் அரிது, செத்த திசு காணப்படவில்லை என்று மூன்று வரிகள் இருந்தன. அவற்றைத் தமிழில் சொன்னதும், "இதை மொதல்லயே பெரிசா போட்டா என்ன?" என்றாள்.