எந்தக் கடல் என்று எழுதுவது?

"வேணும்னா நாகப்பட்டினம்னே போட்டுக்குங்க சார்" என்று தருமபுரி மீன் வியாபாரி சொன்னதை நான் ஏற்கவில்லை. அது சரிதானா என்ற வழக்கு எனக்குள் இன்னும் முடியவில்லை.

அவர் கடையில் இருந்தவை ஒரு பெரிய திருக்கையின் துண்டுகள். அகன்ற உடலுக்குச் சற்றும் பொருந்தாத மிகச் சிறிய கண்களும் முதுகில் வெண்புள்ளிகளும் தெரிந்ததால், அது மெகாட்ரைகான் மைக்ரோப்ஸ் என்ற திருக்கை இனமாக இருக்கலாம் என்றார் என் முதுகலை மாணவி. 1908இல் விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் வங்கக் கடலிலிருந்து முதன்முதலில் விவரித்த இந்த இனம் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமாக வளரும். ஆனாலும் அரிதாகவே கண்ணில் படும். அடையாளத்தை உறுதிசெய்ய உதவும் அகன்ற, தட்டையான வாலடி அங்கே இல்லை. முள்ளுக்குப் பயந்து வாலைக் கரையிலேயே வெட்டிவிடுவார்கள்.

"எந்தக் கடல்ல பிடிச்சது அண்ணே?" என்று கேட்டேன்.

"வண்டி நாகப்பட்டினத்துது. சேலத்துல ஏத்தி இறக்கறப்ப கேரளா சரக்கும் கலந்துடும். எங்க இருந்துச்சுன்னு மீனுக்குத்தான் சார் தெரியும்" என்றவர், மாணவியின் முகம் வாடியதைப் பார்த்துத்தான் அந்தச் சலுகையை அளித்தார்.

வங்கக் கடலா, அரபிக் கடலா என்றே தெரியாத மீனைப் புதிய பரவல் பதிவாக, அதாவது இந்த இனம் இன்ன இடத்திலும் வாழ்கிறது என்ற அறிவியல் குறிப்பாக, எழுத முடியாது என்றேன். தவறான ஓர் ஊர்ப்பெயர் அச்சேறிவிட்டால் அடுத்தடுத்த பரவல் வரைபடங்களிலெல்லாம் அது தொடரும். பின்னால் வருபவர் அதை நீக்கப் படும் பாடு கொஞ்சமல்ல. இதே இனத்தை மொசாம்பிக் கடலிலிருந்து 2008இல் பதிவு செய்தவர்களால், அதை நீருக்குள் உயிரோடு பார்த்த இடத்தைச் சொல்ல முடிந்தது. எங்களிடம் இருந்ததோ சேலம் வழியாக வந்த ஓர் ஐஸ் பெட்டி.

டச்சு மருத்துவர் பீட்டர் பிளீக்கர் பதாவியாவின் (இன்றைய ஜகார்த்தா) மீன் சந்தைகளில் வாங்கியவற்றைக் கொண்டுதானே அத்தனை இனங்களை விவரித்தார் என்று மாணவி கேட்டார். அது கடலோரச் சந்தை என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கே வந்த ஒவ்வொரு படகும் எங்கே வலை வீசியது என்று யார் விசாரித்தார்கள்? கடலே இல்லாத மாவட்டத்துக் கல்லூரியிலிருந்து கடல் மீனைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களோ என்ற கூச்சத்துக்குத்தான் நெறி என்று பெயர் வைத்தேனோ என்றும் சில நேரம் தோன்றுகிறது.

சதைத் துணுக்கொன்றை எத்தனாலில் போட்டு வைத்திருக்கிறோம். மரபணுச் சோதனை இனத்தைச் சொல்லும், கடலைச் சொல்லாது. இனத்தின் பெயரோடு, 'தருமபுரி சந்தை, பிடிபட்ட இடம் தெரியவில்லை' என்று மட்டும் வெளியிடலாம் என்கிறார் மாணவி. நேர்மையான குறிப்புதான். ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், அவர் எழுதிக் கொடுத்த வரைவில் நான் இன்னும் கையொப்பமிடவில்லை.