சாரதிக்கு எதற்கு அடையாள அட்டை இலக்கம்?

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்குக் கொள்வனவு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறோம். நெல் ஏற்றப் போகும் லொறிச் சாரதியின் போனில் மூன்று விசயம் தெரிந்தால் போதும்: விவசாயி பெயர், ஊர், எத்தனை மூடை. அதற்கு ‘சாரதிப்பார்வை’ என்று ஒரு டைப், அதாவது டேட்டாவில் என்னென்ன ஃபீல்ட் இருக்கவேணும் என்று சொல்லும் வரையறை, வைத்திருக்கிறோம். ஆனால் டேட்டாபேஸில் அதே விவசாயிக்கு வங்கிக் கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், ஆலையில் வாங்கிய முற்பணம் எல்லாம் இருக்கு.

ரிவியூவுக்கு வந்த கோடில், டேட்டாபேஸில் எடுத்த விவசாயியை அப்படியே ‘சாரதிப்பார்வை’ என்று திருப்பி அனுப்பியிருந்தது. நாங்கள் எழுதுவது டைப்ஸ்கிரிப்டில், ஜாவாஸ்கிரிப்டுக்கு டைப் சேர்த்து மைக்ரோசொஃப்ட் செய்த மொழி. அது பிழை காட்டும் சிவப்புக் கோடு ஒன்றும் போடவில்லை. எழுதின தம்பி கேட்டார்: “டைப் குடுத்திருக்கே அண்ணன், மற்றதெல்லாம் தானாக் கழண்டுடாதா?”

கழலாது. டைப்ஸ்கிரிப்டில் டைப் சொல்வது ‘இவ்வளவும் கட்டாயம் இருக்கவேணும்’ என்பது மட்டும்தான். ‘இதுக்கு மேல ஒண்டும் இருக்கக்கூடாது’ என்று அது சொல்வதே இல்லை. கம்பைல் ஆனதும் டைப் எல்லாம் அழிந்து வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான் ஓடும். போனுக்கு அனுப்ப ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது ஒப்ஜெக்டில் கிடப்பதெல்லாம் சாரதியின் போனுக்குப் போய்விடும்.

தம்பியின் நம்பிக்கைக்கும் காரணம் இருக்கு. 2015இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து, அடைப்புக்குறிக்குள் ஒப்ஜெக்டை நேரடியாக எழுதிக் கொடுத்தால், டைப்பில் இல்லாத ஃபீல்டைக் கண்டதும் கம்பைலர் கத்தும். அதே ஒப்ஜெக்டை முதலில் ஒரு வேரியபிளில் போட்டு, பிறகு வேரியபிளைக் கொடுத்துப் பாருங்கள், சத்தமே வராது. படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வேலியைத் திறந்து வைத்த மாதிரி. எழுத்துப்பிழை பிடிக்க அது நல்ல உதவி, காவலுக்கு ஆகாது.

ஜாவாஸ்கிரிப்டுக்கு டைப் பார்க்கும் இன்னொரு கருவியான ஃபுளோவில் ‘இது மட்டும்தான்’ என்று சொல்லும் டைப் உண்டு. டைப்ஸ்கிரிப்டுக்கும் அப்படி ஒன்று வேணும் என்று 2016 கடைசியில் கிட்ஹப்பில் வைத்த கோரிக்கை இன்னும் திறந்தே கிடக்கு. மைக்ரோசொஃப்ட்காரருக்குச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட வெவ்வேறு ஃபீல்ட் உள்ள இரண்டு டைப்பைச் சேர்த்தால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்: இரண்டுக்கும் பொருந்தும் ஒப்ஜெக்ட் உலகத்திலேயே இருக்காது.

எந்த டைப்புக்கும் பொருந்த எழுதும் ஜெனெரிக்கும், எந்த மதிப்பும் பொருந்தாத ‘நெவர்’ டைப்பும் கலந்து, மிச்ச ஃபீல்டைத் தடுக்க ஒரு வித்தை செய்யலாம். தம்பி மத்தியானமே அதைத் தேடி எடுத்து வந்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. வரும் பிழைச் செய்தியை வாசிக்கவே ஒரு தேத்தண்ணி குடிக்கவேணும். அதைவிட, விவசாயியை வழியில் யாராவது ஒருமுறை ‘சாரதிப்பார்வை’ ஆக்கிவிட்டால், மிச்ச ஃபீல்ட் இருப்பதே கம்பைலருக்குத் தெரியாது. வித்தை அங்கேயே படுத்துவிடும்.

கடைசியில் செய்தது சின்ன வேலை. விவசாயியை வாங்கி, பெயர், ஊர், மூடை மூன்றையும் கையால் ஒவ்வொன்றாக எழுதி, புது ஒப்ஜெக்டாகத் திருப்பும் ஒரு ஃபங்ஷன். திருப்பும் டைப்பை வெளிப்படையாகக் குறித்தோம். இப்போது அந்த 1.6 காலத்துச் சோதனை சரியான இடத்தில் வேலை செய்யும்: யாராவது அடையாள அட்டையை அங்கே சேர்த்தால் உடனே பிழை. மூன்று புள்ளி (...) வைத்து விவசாயியின் எல்லா ஃபீல்டையும் அப்படியே விரித்துப் போட்டால் மட்டும் திரும்பவும் கண்ணை மூடிக்கொள்ளும். அதனால் அந்த ஃபைலில் மூன்று புள்ளிக்குத் தடை. வெளியிலிருந்து வரும் படிவங்களுக்கு ஸொட், ஓடும்போதே டேட்டாவைச் சோதிக்கும் லைப்ரரி. அது சாதாரணமாகத் தெரியாத ஃபீல்டைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடும். நாங்கள் ஸ்ட்ரிக்டில் வைத்திருக்கிறோம், பிழை என்றே திருப்பி அனுப்பட்டும்.

நேற்று ஆலை முதலாளி போன் எடுத்தார். “ஊரை வச்சி என்ன செய்யிற தம்பி, எந்த வயல் கண்டம் எண்டு போடுங்க, லொறி சுத்தித் திரியுது.” டைப்பில் ஊரை எடுத்துக் கண்டத்தைப் போட்டேன். சேர்வர் பக்கத்தில் சிவப்புக் கோடு விழுந்தது அந்த ஒரு ஃபங்ஷனில் மட்டும்.