அடிஸ் அபாபாவுக்குக் கிளம்பும் முன்

நவம்பர் 4, 2025

எத்தியோப்பியாவிலிருந்து நேரடியாகப் பச்சைக் காப்பிக்கொட்டை வாங்குவது என்று முடிவாகிவிட்டது. இதுவரை இடைத்தரகர் மூலம்தான் சரக்கு வந்துகொண்டிருந்தது. ஊர் எப்படி, ஆள் எப்படி என்று கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. ஜனவரியில் நான் போகவேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கான வழிகாட்டிகள் சிலவற்றை இன்று புரட்டினேன். வலது கையால் சாப்பிடு, காப்பி கொடுத்தால் மறுக்காதே... சரி, இதையெல்லாம் விமானத்தில் படித்துக்கொள்ளலாம். பணம் எப்படிப் புரள்கிறது, சரக்கு எந்த வழியாக வெளியே வருகிறது, காகிதத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பது தெரியாமல் போனால்தான் சிக்கல்.

நவம்பர் 7

ஏற்றுமதியாளர் ஒருவர் தன் தொழில் உரிமத்தின் நகலை அனுப்பியிருந்தார். எங்கள் கணக்காளர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏழு வருஷம் முன்னாடி புதுப்பிச்சது சார், இந்த ஆளு வேண்டாம்" என்று தள்ளிவைத்தார். தாளில் 20/02/2018 என்றுதான் இருந்தது. ஆனால் அது அவர்கள் நாட்காட்டி. அங்கே புத்தாண்டு செப்டம்பர் 11-இல் பிறக்கிறது. நம் ஆண்டுக் கணக்கைவிட ஏழெட்டு வருடம் பின்னால் போகிறது. 30 நாள் கொண்ட 12 மாதங்கள், கடைசியில் ஐந்தாறு நாள் மட்டும் கொண்ட 13-ஆம் மாதம். இந்தக் கணக்கில் 2018, இரண்டாம் மாதம், 20-ஆம் நாள் என்பது போன வாரம், அக்டோபர் 30. உரிமம் புத்தம் புதியது! கணக்காளர் மேசையில் இப்போது இரண்டு நாட்காட்டிகள்.

கடிகாரமும் இப்படித்தான். பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள். காலை 7 மணி அவர்களுக்கு ஒரு மணி, 9 மணி என்றால் மூன்று. வெளிநாட்டாரோடு பழகியவர்கள் தாங்களே மாற்றிச் சொல்வார்களாம். ஓட்டுநரும் கிடங்குக்காரரும் அப்படி மாற்றிச் சொல்வார்கள் என்று நம்பி இருக்க முடியாது. இனி மெயிலில் இரண்டு நேரத்தையும் எழுதிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

நவம்பர் 12

இன்று முழுக்கப் பணம்தான்.

பழைய விலைப்பட்டியல் ஒன்று கையில் இருந்தது, 2023-இல் வந்தது. அதை வைத்துப் பேரம் பேசலாம் என்று பங்குதாரர் சொன்னார். வேண்டாம் என்றேன். காரணம் இது. 2024 ஜூலை வரை அவர்கள் நாணயமான பிர்ரின் மதிப்பை அரசு இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு டாலருக்குச் சுமார் 57 பிர். கள்ளச்சந்தையிலோ ஏறக்குறைய அதுபோல இரண்டு மடங்கு. வங்கியில் டாலர் கேட்டால் கிடைக்காது. ஆகவே கையில் டாலர் வருகிற ஒரே வழி ஏற்றுமதி என்றாகிவிட்டது. உள்ளூரில் அதிக விலைக்குக் காப்பி வாங்கி, வெளியே நஷ்டத்துக்கு விற்று, வந்த டாலரில் வண்டியோ இரும்போ இறக்குமதி செய்து அதில் லாபம் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் காப்பி வெறும் நுழைவுச்சீட்டு. அந்தக் காலத்து விலையைப் பார்த்து "இவ்வளவு மலிவா" என்று மகிழ்ந்த வெளிநாட்டு வியாபாரிகளில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்குமோ.

2024 ஜூலை 29-இல் பிர்ரைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். அதே நேரத்தில் ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நாணய நிதியம்) 340 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டு முடிவதற்குள் டாலர் 120 பிர்ரைத் தாண்டியது. ஏற்றுமதியாளருக்கு இன்று காப்பி காப்பியாகவே லாபம் தரவேண்டும். அவர் கேட்கிற விலை இனி வேறாகத்தான் இருக்கும்.

நவம்பர் 18

துறைமுகம். எத்தியோப்பியாவுக்குக் கடலே இல்லை. 1993-இல் எரித்திரியா தனி நாடானபோது கரையும் அதோடு போயிற்று; 1998-இல் இரு நாட்டுக்கும் போர் மூண்ட பிறகு எரித்திரியாவின் அசாப் துறைமுகமும் கைவிட்டுப் போனது. ஏறக்குறைய எல்லாச் சரக்கும் இப்போது பக்கத்து நாடான ஜிபூட்டி வழியாகத்தான். 750 கிலோமீட்டர் மின்சார ரயில் பாதை 2018 முதல் ஓடுகிறது, லாரிகளும் ஓடுகின்றன. ஒப்பந்தத்தில் "எஃப்.ஓ.பி. ஜிபூட்டி" என்று எழுதினால், கப்பலில் ஏறும்வரை பொறுப்பு அவர்களுடையது. அதற்கு முன் மூட்டை எவ்வளவு நாள் வெயிலில் கிடந்தது என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

நவம்பர் 26

இந்த வாரம் அங்கே கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கியிருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதுவரை இறைச்சி, பால், முட்டை கிடையாது. ஜனவரி 19 திம்கத், இயேசுவின் திருமுழுக்குத் திருவிழா. பிப்ரவரி நடுவில் ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு வந்துவிடும், 55 நாள். ஜனவரி 21-இல் இறங்கினால் எல்லாவற்றுக்கும் இடையில் நுழைந்துவிடலாம். புதன், வெள்ளியில் எப்படியும் நோன்புச் சாப்பாடுதான். சைவக்காரனான எனக்கு அது சௌகரியம். ஆனால் எல்லோரும் ஆர்த்தடாக்ஸ் என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது. 2007 கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவர் முஸ்லிம்.

டிசம்பர் 3

பெயர். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்து அப்பா பெயர். பிரதமர் அபி அஹ்மதுவை அபி என்றுதான் சொல்கிறார்கள், ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசியை ஹைலே என்று. மெயிலில் "மிஸ்டர்" போட்டு இரண்டாவது பெயரை எழுதினால் அவருடைய அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி. இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இதை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 10

அலுவலகச் சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றினோம். காப்பி விளையும் சிடாமா 2020-இல் தனி மாநிலமாகிவிட்டது. காப்பிக்குப் பேர்போன யிர்காசெஃபே இருந்த பழைய தெற்கு மாநிலம் 2023-இல் இல்லாமலே போனது. வடக்கே டிக்ராய் போர் 2022 நவம்பரில் ஒப்பந்தத்தோடு நின்றது. 2023-இலிருந்து, அதுவும் வடக்கேதான், அம்ஹாராவில் மோதல். நான் போவது தெற்கே, சிடாமாவின் தலைநகர் ஹவாசா வரை விமானம். பேச்சுவாக்கில்கூட "நீங்கள் எந்த இனம்" என்று யாரையும் கேட்காமல் இருப்பது நல்லது. வழிகாட்டிகளில் உருப்படியாக இருந்த ஒரே அறிவுரை இதுதான் என்று தோன்றுகிறது.

டிசம்பர் 19

சாம்பிள் வந்துவிட்டது. யிர்காசெஃபே, கழுவிப் பதப்படுத்தியது. கொட்டை ஒரே சீராக, நீலம் ஓடிய பச்சையில் இருக்கிறது. வறுத்து, பொடித்து, 93 டிகிரி வெந்நீர் ஊற்றிச் சுவை பார்த்தோம். எலுமிச்சையும் மல்லிகையும் மாதிரி வாசனை. தலைநகர் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், தண்ணீர் 92 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே அவர்கள் கொதித்த கையோடு ஊற்றுவதை நாங்கள் இங்கே ஆறவைத்து ஊற்றுகிறோம். சுவைக் குறிப்பை ஒப்பிடும்போது நினைவில் வைக்கவேண்டும்.

எந்தக் கழுவு நிலையத்துச் சரக்கு, அதாவது பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்துக் கழுவிய இடம் எது என்று கேட்டேன், பெயரோடு பதில் வந்தது. 2008-இல் காப்பியை வாங்கி விற்கும் சந்தையாகப் பண்டப் பரிவர்த்தனை நிலையம் தொடங்கிய பிறகு கொட்டையைத் தரம் பிரித்து ஒன்றாகக் கலந்துவிடுவார்கள், யார் தோட்டத்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். 2017-க்குப் பிறகுதான் அது தளர்ந்தது. எனக்கு அந்தக் கழுவு நிலையத்தின் காயவைக்கும் மேடைகளைப் பார்க்கவேண்டும்; ஜனவரியில் இன்னும் கொட்டை காய்ந்துகொண்டிருக்கும் என்கிறார் ஏற்றுமதியாளர்.

வர்த்தக விசாவுக்கு அழைப்புக் கடிதம் கேட்டிருக்கிறேன். தேதியை இரண்டு நாட்காட்டியிலும் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஒரே கன்டெய்னர்: 60 கிலோ மூட்டை 320. பங்குதாரருக்கு இரண்டு வேண்டுமாம். ஹவாசாவிலிருந்து திரும்பிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.